இலக்கமும் வர்ணமும்

கடையில் விற்கும் சிறு புகைவண்டிகளை வாங்கிப் பழைய வர்ணத்தைக் களைந்து, நம் நாட்டு வண்டிகளாகப் புதுக்குவோர் நம்மிடையேயும் சிலர் உளர். அவர்தம் பொறுமை போற்றற்குரியது. ஆயினும், அழகொன்றையே கருதி மனம்போனவாறு இலக்கமிடுதல் தகாதென்பது எமது துணிபு.

மதுரை–போடிநாயக்கனூர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1928இல் திறக்கப்பட்ட அம்மீட்டர் பாதையின் தண்டவாளங்கள் 1942இல் யுத்தத்தின்பொருட்டுப் பெயர்க்கப்பட்டன. அவை மீண்டும் இடப்பெறுமுன்னரே, 1951 ஏப்ரல் 14ஆம் தேதியன்று, தென்னிந்திய ரயில்வே தெற்கு ரயில்வேயுள் அடங்கிவிட்டது. நீராவி எஞ்சின்களுக்கு அகில இந்திய இலக்கங்கள் வந்ததோ 1957ஐ ஒட்டி. ஆகவே, போடி எஞ்சினொன்றில் தென்னிந்திய ரயில்வேயின் எழுத்துக்களையும் அப்பிற்கால இலக்கத்தையும் ஒருங்கே தீட்டுவார், ஒருநாளும் ஓடாத வண்டியையே செய்தாராவார். வர்ணம் சிறிது மங்கினும் குற்றமில்லை. கரி சுமந்த எஞ்சின் மணப்பெண்போல் மின்னுவதே நமக்கு நகைப்பைத் தருகிறது. ஆண்டை முதலில் துணிந்துகொண்டு, பின்னரே தூரிகையை எடுத்தல் வேண்டும்.

அம்மீட்டர் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது. 2023 முதல் அகலப் பாதையில் போடிக்கு வண்டி செல்கிறது. பழையதைக் கண்டிராத சிறுவர்க்கு மேசைமேல் நிற்கும் இச்சிறு வண்டியே அதன் உருவைக் காட்டும். அவர்கள் அதன் பக்கத்திலுள்ள இலக்கத்தையும் படிப்பார்கள்.