மார்க்குக்கு யார் பொறுப்பு?

ஒவ்வொரு செமஸ்டரின் முதல் வகுப்பிலும் இந்தப் பேச்சு வந்துவிடும். "மார்க் நான் போடுறது இல்லப்பா, நீங்க எடுக்கிறது. உங்க மார்க்குக்கு நீங்கதான் பொறுப்பு." படிக்காமல் எழுதிவிட்டு ஆசிரியரைத் திட்டுகிற பிள்ளைகளும் உண்டுதான். அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை.

ஆனால் நம் கலைக் கல்லூரிகள் பலவற்றில் 75 மதிப்பெண் பல்கலைக்கழகத் தேர்வுக்கு, 25 இன்டர்னலுக்கு. அந்த 75க்கான விடைத்தாளில் பெயர் மறைந்து டம்மி எண் ஏறிவிடும். குறைந்தால் பணம் கட்டி மறுமதிப்பீடு கேட்கலாம். இந்த 25இல் பெயர் உண்டு, முகம் உண்டு, வகுப்பில் சத்தமாக வாசித்த உதவித்தொகைப் பட்டியலால் எல்லோருக்கும் தெரிந்துபோன சாதியும் உண்டு. திருப்பிக் கேட்கத்தான் வழி கிடையாது.

முதுகலையில் ஒரு தாளில் நான் 75க்கு 58 எடுத்தேன். இன்டர்னலில் 25க்கு 13. அசைன்மென்ட் திரும்பி வரவே இல்லை. எதில் குறைந்தது என்று கேட்டேன். "முதல்ல உன் பொறுப்பைப் பாரு தம்பி" என்றார். அவர் சாதி பார்த்தாரா? என்னால் நிரூபிக்க முடியாது. யாராலும் நிரூபிக்க முடியாதபடி அதை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

டெல்லி எய்ம்ஸ் பற்றி 2007இல் அறிக்கை தந்த தோரட் குழுவிடம், பட்டியலின, பழங்குடி மாணவர்கள் வாய்மொழித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் நடக்கும் பாகுபாட்டைத்தான் சொன்னார்கள். முகம் தெரிகிற தேர்வுகள் அவை.

இப்போது நெறியாளருக்காக நானே இன்டர்னல் தாள் திருத்துகிறேன். ஒருமுறை, திருத்திய கட்டைப் பெயர்களை மடித்து மறைத்துவிட்டு மறுபடி திருத்திப் பார்த்தேன். நான்கு பேரின் மார்க் மாறியது. மேடையில் அம்பேத்கரைப் பேசுகிறவன் கைதான் இது! இந்தக் கையை நம்பச் சொல்லி உங்களிடம் நான் எப்படிக் கேட்பேன்?

பொறுப்பு பற்றிப் பேசும் ஆசிரியர்கள், டெஸ்டுக்கு எவ்வளவு, அசைன்மென்ட்டுக்கு எவ்வளவு, செமினாருக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி, குறைத்ததற்குக் காரணமும் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரட்டும். இன்டர்னல் மார்க்கை ஏற்றுவதற்கு முன்பே உங்கள் துறைத்தலைவரிடம் இதைக் கேளுங்கள் தோழர்களே. தனியாகப் போகாதீர்கள், வகுப்பாகப் போங்கள்.