படியாள்

பழைய வட ஆற்காடு ஜில்லாவில், பாலாற்றங்கரைக் கிராமங்களில் பிறந்தவர்களுக்குப் "படியாள்" என்னும் பதத்தின் அர்த்தத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை. வருஷம் முழுவதும் ஒருவன் நிலத்தில் பாடுபட்டு, தானியத்தைப் படியால் அளந்து கூலியாக வாங்கினவனே படியாள். தஞ்சையில் அவனுக்குப் பண்ணையாள் என்று பெயர். நெய்கிறவன் நெசவாளி, தைக்கிறவன் தையற்காரன் என்று மற்றவர்களுக்கெல்லாம் செய்யும் தொழிலால் பெயர் இருக்க, ஏர் பிடித்து, வரப்பு வெட்டி, கதிர் அடித்தவனுக்கு மாத்திரம் அவன் மடியில் விழுந்த படியால் பெயர் வந்தது! "உழவன்" என்கிற கௌரவமான பெயரோ, மேழியைத் தொட்டறியாத பட்டாதாரருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. திருவள்ளுவர் உழவுக்கென்றே ஒரு அதிகாரம் பாடியிருக்கிறார் என்று மேடைகளில் மார்தட்டுகிறவர்களும் பெரும்பாலும் இவர்களேயாவார்கள்.

நிற்க, "ஆள்" என்கிற பாதிச் சொல்லைச் சற்று கவனிப்போம். ஆளுகிறவன் ஆண்டான், ஆண்டை. ஆளப்படுகிறவன் ஆள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆளை அடிமையாக எழுதிக் கொடுக்கும் சாசனத்திற்கு ஆளோலை என்று பெயர். பெரிய புராணத்தில் கடவுளே ஒரு கிழ வேதியராக வந்து, சுந்தரர் கல்யாணப் பந்தலில் நின்று, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்தபடி நீ எனக்கு அடிமை" என்று வழக்காடுகிறார். அதற்குச் சுந்தரர் சொல்லும் ஆட்சேபணை என்ன? மனிதனுக்கு மனிதன் அடிமையாகலாமா என்பதன்று. ஒரு அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவதுண்டா என்பதே! மற்றவர்கள் அடிமையாவதைப் பற்றி அந்தப் பந்தலில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. தொல்காப்பியமும் அடியோரையும் பிறர் ஏவிய வேலை செய்வோரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே தான் நிறுத்திற்று. பாடுபடுகிறவனுக்குக் காதலில் கூடத் தனிச் சேரி!

1843-ஆம் வருஷத்துச் சட்டத்தால் அடிமைச் சாசனம் கோர்ட்டில் செல்லாததாயிற்று. ஆனால் ஓலை போன இடத்தில் கடன் பத்திரம் வந்து உட்கார்ந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் மறுபடியும் ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்ததே இதற்குப் போதிய அத்தாட்சியாகும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோல் தொழிற்சாலைகளுக்கு வயலை விட்டு வந்தவர்கள் பலர். கூலி படியாக வராமல் ரூபாயாக வருகிறது. யாரையும் "ஆண்டே" என்று கூப்பிட வேண்டியதில்லை. இது சிறிய லாபமென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் படி போன பின்பும் ஆள் போகவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவனுக்கு அந்தத் தோலின் பதம் விரல் நுனியில் தெரியும். அப்படியிருந்தும் அவன் கணக்கில் ஒரு ஆள்தான். அவன் பதனிட்ட தோல் செருப்பானதும் எந்த ஜாதிக்காரனும் கூசாமல் காலில் மாட்டிக் கொள்ளுகிறான். அவன் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாத்திரம் யோசிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மேஸ்திரி தோழர்களை ஒன்று கேட்கின்றோம். காலையில் வாசலில் நின்று "இன்றைக்கு எத்தனை ஆள்?" என்று தலை எண்ணுவதற்குப் பதிலாக, ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எந்தத் தோல் கெட்டுப் போகும்?