அவசரப்படாத கிறிஸ்துமஸ்



வெறும் 25 நிமிடம் ஓடும் ஒரு கார்ட்டூன் படத்துக்கு இந்த மாத ஆசிரியர் பக்கத்தைக் கொடுத்துவிட்டேன். ‘எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்’ படத்தைப் பார்த்தவர்கள் என் கட்சியில்தான் இருப்பீர்கள். பார்க்காதவர்களை அந்தக் கட்சிக்கு இழுப்பதுதான் இந்தப் பக்கத்தின் நோக்கம்.

1965 டிசம்பர் 9, வியாழக்கிழமை இரவு அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் அது முதலில் ஒளிபரப்பானது. ‘பீனட்ஸ்’ சித்திரத் தொடரை 1950 முதல் நாளிதழ்களில் வரைந்துவந்த சார்லஸ் ஷுல்ஸ்தான் கதை எழுதினார். லீ மெண்டல்சன் தயாரிப்பாளர், பில் மெலண்டெஸ் இயக்குநர். செலவை ஏற்றுக்கொண்டது கோகோ கோலா நிறுவனம். படத்தை முடிக்க ஏறக்குறைய ஆறு மாதம்தான் கிடைத்தது. முடித்துப் போட்டுக் காட்டியபோது தொலைக்காட்சி அதிகாரிகளின் முகம் சுருங்கிவிட்டது. படம் மெதுவாகப் போகிறது, குழந்தைகள் படத்துக்கு ஜாஸ் எதற்கு, நடுவில் பைபிள் வாசகம் எதற்கு என்று குறைகளை அடுக்கினார்கள். ஒளிபரப்புத் தேதி முன்பே அறிவிக்கப்பட்டிருந்ததால்தான் படம் தப்பியது.

அவர்கள் குறை என்று சொன்னதெல்லாம்தான் இன்றைக்கு நம் மனதில் நிற்கிறது.

முதல் காட்சியையே பாருங்கள். பண்டிகை நிகழ்ச்சி என்றால் மணியோசை, கும்மாளம் என்று தொடங்க வேண்டும். இங்கே பனியில் நடந்துவந்த இரண்டு சிறுவர்கள் ஒரு குட்டைச் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். கிறிஸ்துமஸ் வருகிறது, ஆனால் தனக்கு மட்டும் ஏனோ சந்தோஷமே இல்லை என்று சார்லி பிரவுன் நண்பன் லைனஸிடம் சொல்கிறான். பண்டிகை நாளில் காரணம் தெரியாமல் மனசு சோர்ந்து கிடந்த அனுபவம் உள்ளவர்கள் அந்த இடத்திலேயே அவனோடு ஒட்டிக்கொள்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்குச் சற்றுப் பிறகு வரும் தபால் பெட்டிக் காட்சி. வாழ்த்து அட்டை ஏதாவது வந்திருக்கிறதா என்று சார்லி பிரவுன் பெட்டியைத் திறக்கிறான். காலி. தலையை உள்ளே விட்டுக் குரல் கொடுக்கிறான், எதிரொலி மட்டும் வருகிறது. தன்னை யாருக்கும் பிடிக்காது என்பது தனக்குத் தெரிந்ததுதான், அதை அழுத்திச் சொல்ல ஒரு பண்டிகை வேறு வேண்டுமா என்பதுதான் அவன் கேள்வி. யாரும் ஓடிவந்து தேற்றவில்லை. உருக்கமான வயலினும் இல்லை. கதை பாட்டுக்கு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. குழந்தையின் வருத்தத்தை அப்படியே ஒப்புக்கொண்டு நகர எழுதுகிறவனுக்குத் துணிச்சல் வேண்டும். ஷுல்ஸிடம் அது இருந்தது.

சிரிப்புக்கும் குறைவில்லை. ஐந்து சென்ட்டுக்கு மனநல ஆலோசனை சொல்லும் லூசி, வைத்தியத்துக்கு முன்னால் காசு டப்பாவைக் குலுக்கி அந்தச் சத்தத்தில் சொக்கிப்போகிறாள். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு வேண்டியது பொம்மை அல்ல, நிலபுலன். சார்லி பிரவுனின் தங்கை சாலியோ சாண்டாவுக்குக் கடிதம் எழுதச் சொல்லி, பெரிய பட்டியல் சிரமம் என்றால் பத்தும் இருபதுமாக டாலர் நோட்டாகவே அனுப்பிவிடட்டும் என்கிறாள். ஸ்னூப்பி தன் நாய்க்கூண்டை விளக்குகளால் அலங்கரித்துப் போட்டியில் முதல் பரிசைத் தட்டிச் செல்கிறது.

சாலியின் குரல் சில இடங்களில் வெட்டி வெட்டி வரும், கவனித்தீர்களா? குரல் கொடுத்த சிறுமிக்கு அப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கவே தெரியாது. ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக்கொடுத்துப் பதிவுசெய்து, பிறகு ஒட்டியிருக்கிறார்கள். பெரியவர்கள் குழந்தைக் குரலில் பேசுவதுதான் அன்றைய வழக்கம். இவர்கள் பிள்ளைகளையே பேசவைத்தார்கள். அன்றைய நிகழ்ச்சிகளில் தவறாமல் வரும் பின்னணிச் சிரிப்பொலியையும் ஷுல்ஸ் பிடிவாதமாக மறுத்துவிட்டார். எங்கே சிரிப்பது என்பதைப் பார்க்கிறவர்களுக்கே விட்டுவிட்டார்.

சார்லி பிரவுன் இயக்கும் கிறிஸ்துமஸ் நாடகத்தின் ஒத்திகையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஆடும் காட்சியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். வின்ஸ் குவரால்டியின் பியானோ துள்ள, ஆளுக்கு ஓர் அசைவு, அதுவே திரும்பத் திரும்ப. ஒருவன் தூக்கத்தில் நடப்பவன் மாதிரி கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு ஆடுகிறான். இயக்குநர் சார்லி பிரவுன் கத்துகிறான், கேட்பாரில்லை.

பிறகு மரம். பளபளக்கும் பெரிய அலுமினிய மரமாக வாங்கிவா என்பது லூசியின் கட்டளை. அன்றைய அமெரிக்க வீடுகளில் அதுதான் நாகரிகம். கடையில் லைனஸ் ஒன்றைத் தட்டிப் பார்க்கிறான், தகரச் சத்தம். சார்லி பிரவுனோ, தூக்கும்போதே இலை உதிரும் ஒரு நோஞ்சான் நிஜ மரத்தை எடுத்துவருகிறான். எல்லோரும் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று யாருக்காவது தெரியுமா என்று அவன் உடைந்துபோய்க் கேட்க, லைனஸ் மேடை நடுவில் நின்று, விளக்கை வரச்சொல்லி, லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து மேய்ப்பர்கள் பகுதியை நிதானமாகச் சொல்கிறான். வேறு அசைவே இல்லை. பயப்பட வேண்டாம் என்று தேவதூதன் சொல்லும் இடம் வரும்போது, எந்நேரமும் கையை விட்டு இறங்காத அவனுடைய போர்வை நழுவிக் கீழே விழுகிறது. அதைப் பற்றிப் படத்தில் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

ஒரே ஓர் அலங்காரப் பந்தைத் தொங்கவிட்டதும் அந்த மரம் தரையைத் தொட வளைகிறது. கொன்றுவிட்டோமே என்று சார்லி பிரவுன் போய்விடுகிறான். பின்னாலேயே வரும் நண்பர்கள் ஸ்னூப்பியின் கூண்டிலிருந்து அலங்காரத்தையெல்லாம் கழற்றி மரத்துக்கு மாட்டுகிறார்கள். அடியில் சுற்றிக்கட்ட லைனஸ் தன் போர்வையைத் தருகிறான். அந்தக் குச்சிக்கு அத்தனை கிளை எங்கிருந்து முளைத்தது என்று கேட்கும் பொல்லாத வாசகர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. யாரும் சார்லி பிரவுனிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. இவன் மக்குதான், ஆனாலும் நல்ல மரமாகத்தான் கொண்டுவந்திருக்கிறான் என்பதோடு லூசி முடித்துக்கொள்கிறாள். குழந்தைகள் சமாதானமாவது அப்படித்தானே?

அன்றிரவு அமெரிக்காவில் தொலைக்காட்சி பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பார்த்தது இதைத்தான். எம்மி விருதும் பீபாடி விருதும் கிடைத்தன. அடுத்த சில ஆண்டுகளில் அலுமினிய மரத்தின் மவுசு சரிந்ததற்கு இந்தப் படமும் ஒரு காரணம் என்பார்கள். முதல் ஒளிபரப்பில் இருந்த கோகோ கோலா விளம்பரத் துணுக்குகள் பின்னாளில் வெட்டப்பட்டன. படத்துக்கு அதனால் ஒன்றும் நஷ்டமில்லை.

விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். இடையிடையே அர்த்தம் சொல்லாதீர்கள், அவர்களே கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பிடித்த காட்சி எது என்று எங்களுக்கு எழுதுங்கள். மின்னஞ்சலும் சரிதான், தபால் அட்டையாக இருந்தால் இன்னும் சந்தோஷம். எங்கள் அலுவலகத் தபால் பெட்டியும் இப்போதெல்லாம் பெரும்பாலும் காலிதான்.

கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்