முற்றத்துக் கொங்கிறீற் வெடித்தால்



லா சப்பலுக்குச் சாமான் வாங்க வரும் நம் குடும்பங்கள் பல இன்று புறநகரில் வீடு வாங்கியிருக்கின்றன. கார் நிறுத்த முற்றத்தில் கொங்கிறீற் போடுகிறோம். சில மாதத்தில் அது வெடிக்கிறது. அல்லது மழைத்தண்ணீர் வீட்டுப் பக்கம் ஓடுகிறது. "தெரிந்த ஆள், எப்படிக் கேட்பது?" என்று அப்பா அம்மா பேசாமல் இருக்கிறார்கள்.

ஆனால் நாட்கள் பேசாமல் நிற்பதில்லை. முடிந்த வேலையை நாம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 1 வருடத்துக்குள் எழுத்தில் அறிவிக்கும் குறைகளை, வேலை செய்தவரே திருத்த வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். கட்டுமானத்தின் உறுதியைக் கெடுக்கும் பழுதுக்குப் பொறுப்பு 10 வருடம். மெல்லிய கீறல்கள் அதற்குள் அடங்காது.

முதலில் அவரோடு நேரில், மரியாதையாகப் பேசுவோம். வெடிப்பைத் திகதியோடு படம் எடுப்போம். திருத்தாவிட்டால் பதிவுத்தபாலில் கடிதம் அனுப்பி, அவர் பெற்ற அத்தாட்சியை வைத்திருப்போம். அதன்பின்னும் அசையாவிட்டால் 'கொன்சிலியத்தர் து ஜுஸ்தீஸ்' என்னும் சமரசக்காரரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

இதற்கெல்லாம் கையில் கடதாசி வேண்டும். பில் இல்லாமல் மலிவாகச் செய்வித்தால், யார் செய்த வேலை என்று நிரூபிப்பதே கஷ்டம். தொடங்குமுன் 'தெவி'யும் 10 வருட இன்சூரன்ஸ் பத்திரமும் கேட்போம். அவர் நம் சபையாராக இருந்தாலும் கேட்போம்; பிறகு மனக்கசப்பு வராமல் இருக்க அதுவே வழி.

வீட்டில் பிரெஞ்சுக் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் நாம்தான். அப்பா அம்மா கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.