தலைசுற்றலும் கண்ணசைவும்

தலைசுற்றலுடன் வருவோர் பலர் முதலில் ஸ்கேன் கேட்கின்றனர். நாங்கள் முதலில் பார்க்க விரும்புவது கண்களை. உட்செவியின் சமநிலை உறுப்பு பிறழும்போது, கண்மணி தன்னிச்சையின்றி ஒருபுறம் மெல்ல நகர்ந்து மறுபுறம் வெடுக்கெனத் திரும்பும். படுக்கையில் புரளும்போது சில நொடிகள் மட்டும் சுற்றினால், பெரும்பாலும் உட்செவியில் இடம்பெயர்ந்த சுண்ணத் துகள்களே காரணம். தலையை முறைப்படி திருப்பியே அவற்றைச் சரிசெய்யலாம். ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது.

தலை அசையாதிருக்கையிலும் கண்கள் மேலும் கீழுமாகத் துடித்தால் மூளையை ஐயுற வேண்டும். பேச்சுக் குழறலோ, இரட்டைப் பார்வையோ, நிற்க இயலாமையோ இருப்பின் பித்தமென்று எலுமிச்சைச்சாறு கொடுத்துக் காத்திராதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

மற்றவர்களுக்கு, நாங்கள் காணும்முன்பே துடிப்பு நின்றுவிடுவதுண்டு. தாமாக விழுங்கும் மாத்திரைகளும் அதை மறைக்கக்கூடும். சுற்றும் வேளையில் உடனிருப்பவர் கைப்பேசியில் கண்களைப் படம்பிடித்து வந்தால் எங்களுக்குப் பேருதவி.