வீடும் உடைமையும்: வண்டிக்குப் போர்வை வேண்டுமா?

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து படியிறங்கிக் கொண்டிருந்தபோது, ஜங்கிலிகாட்டில் குடியிருக்கும் அன்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். சென்னையிலிருந்து கப்பலில் கார் ஒன்றைப் புதிதாக வரவழைத்திருக்கிறார். வீட்டில் கொட்டகை இல்லை. வண்டி வாசலில்தான் நிற்க வேண்டும். "கார் கவர் ஒன்று வாங்கி மூடிவிட்டால் வர்ணம் கெடாமல் இருக்குமா?" என்று கேட்டார். அருகில் நின்ற அவருடைய துணைவியார், "கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். திரும்பி வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை வண்டி என்ன ஆகுமோ என்பதுதான் எங்கள் கவலை" என்றார். படியில் நின்றபடி சொல்லிவிடக்கூடிய விடை அன்று அது. இதே கவலை நம் குடும்பங்கள் பலவற்றிலும் உண்டு. ஆகவே இத்திங்கள் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் நோயுற்றிருந்தார் என்று திருநெல்வேலியிலிருந்து செய்தி வந்தது. மே மாதத் தொடக்கத்தில் குடும்பத்தோடு புறப்பட்டோம். மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி அது. கடன்கூட முழுவதும் அடைந்திருக்கவில்லை. அதனால் கடையில் இருந்தவற்றுள் மிகத் தடித்த பிளாஸ்டிக் உறையாகப் பார்த்து வாங்கினேன். புறப்படும் அவசரத்தில் வண்டியைக் கழுவவும் நேரமில்லை. அப்படியே மூடி, காற்றில் பறக்காதபடி கயிற்றால் இறுகக் கட்டி, நிம்மதியாகக் கப்பலேறினேன்.

எழுபது நாள் கழித்து வந்து உறையை அவிழ்த்தபோது முதலில் வந்தது பூஞ்சை நாற்றம். கூரையிலும் முன்மூடியிலும் பால் தெளித்தாற்போல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கயிறு அழுத்திய இடமெல்லாம் வர்ணம் தேய்ந்து கோடு கோடாக மங்கிக் கிடந்தது. கதவுகளின் அடி விளிம்பில் சிறு சிறு கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே துரு. பட்டறையில் இருந்த தூத்துக்குடித் தம்பி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்கள் வண்டியை மூடி வைக்கவில்லை; இட்லிப் பானையில் வைத்து அவித்திருக்கிறீர்கள்" என்றான். அன்று அந்தச் சொல் எனக்குக் கசந்தது. பிறகு எண்ணிப் பார்த்தபோது, அதைவிடத் தெளிவாக எவரும் விளக்க முடியாது என்று தோன்றியது.

வெயிலில் நிற்கும் வண்டிக்கு வெயிலே பகை என்று நாம் நினைக்கிறோம். அது பொய்யன்று. கார்த் தகட்டின்மேல் அடிப்பூச்சு, இடைப்பூச்சு, நிறம், அதற்கு மேல் கண்ணாடிபோல் நிறமற்ற வெளிப்பூச்சு என்று பல அடுக்குகள் உண்டு. இத்தனையும் சேர்ந்தும் அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தலைமயிர் ஒன்றிரண்டின் தடிப்பு என்று சொல்லலாம். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் அந்த வெளிப்பூச்சை ஆண்டுக் கணக்கில் மெல்ல அரிக்கின்றன. கூரையும் முன்மூடியும் முதலில் மங்குவதும், பின்னர் செதில் செதிலாக உரிவதும் அதனால்தான். உறை இந்தக் கதிர்களைத் தடுக்கும் என்பதில் ஐயமில்லை. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவருக்கு இவ்வளவு சொன்னாலே போதும்.

நாம் இருப்பதோ கடல் நடுவே. இங்கே வெயிலைவிடப் பெரிய பகை உப்பு. அந்த உப்பைத் தூண்டிவிடுவது ஈரம். இதை அறிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். நம் அடுப்படியில் இருக்கும் உப்பு ஜாடி போதும். மழைக்காலத்தில் உப்பு கசிந்து நீர் விட்டிருப்பதை நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் காண்கிறார்கள். "உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்பார்கள். உப்பே தண்ணீர் குடிக்கும் என்பது நாம் அவ்வளவாக எண்ணிப் பாராத செய்தி. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானும் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு என்னும் பொருளுக்கு அதில் பாதிக்கும் குறைவான ஈரமே போதும். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது, ஆனால் நம் நாவில் பழைய பெயரே நிற்கிறது) ஆண்டின் பெரும்பாலான நாட்களில் காற்றின் ஈரம் அந்த அளவுக்கு மேலேயே இருக்கிறது. ஆகவே வண்டியின்மேல் படிந்த உப்பு, மழையே பெய்யாத நாளிலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமாக இருந்துகொண்டே இருக்கும். வர்ணத்தில் ஊசிமுனையளவு கீறல் இருந்தாலும் அந்த உப்புநீர் இரும்பைத் தேடிச் சென்றுவிடும்.

இரும்பு எவ்வளவு விரைவில் துருவேறும் என்பதைக் கணிக்க, அது ஆண்டில் எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்பதை அறிஞர்கள் பார்ப்பார்கள். எத்தனை முறை நனைந்தது என்பது அவ்வளவு பெரிதன்று. எவ்வளவு நேரம் ஈரமாகவே இருந்தது என்பதே பெரிது. என் பிழையின் வேர் இங்கேதான் இருக்கிறது. திறந்த வெளியில் நிற்கும் வண்டியின்மேல் மழை பெய்தால், அது உப்பைக் கழுவிவிடுகிறது. பிறகு காற்று வீசுகிறது, வண்டி உலர்கிறது. காற்றுப் புகாத உறைக்குள் இருக்கும் வண்டிக்கோ கழுவும் மழையும் இல்லை, உலர்த்தும் காற்றும் இல்லை. தரையிலிருந்து எழும் ஆவி இரவில் குளிர்ந்து உறையின் உட்புறத்தில் துளி துளியாகப் படியும். பகல் வெயிலில் மீண்டும் ஆவியாகும். தம்பி சொன்ன இட்லிப் பானை இதுதான். மேலும், கழுவாமல் மூடிய வண்டியில் உள்ள புழுதியும் உப்பும், காற்றில் உறை அசையும்போதெல்லாம் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதுபோல் வர்ணத்தைத் தேய்க்கும். சக்கர வளைவும் அடித்தகடும் எந்த உறைக்கும் அகப்படா. துரு முதலில் தொடங்குவதோ பெரும்பாலும் அங்கேதான்.

கடலோடு வாழ்ந்த நம் முன்னோர்க்கு இது தெரியாததன்று. நம் ஊர்க் கடற்கரைகளில் மீனவர் கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பரப்பிக் காயவைப்பர். மூடி வைப்பதைக் காட்டிலும் உலர வைப்பதே காப்பு என்பது அவர்கள் கண்ட முறை.

பாம்பன் பாலத்தையும் நினைத்துப் பாருங்கள். உலகிலேயே இரும்பை மிக விரைவாக அரிக்கும் இடங்களுள் ஒன்று என்று பெயர் பெற்ற கடற்பரப்பு அது. 1914-இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. அதை யாரும் போர்த்தி வைத்துக் காக்கவில்லை. துருவைச் சுரண்டுவதும், வர்ணம் பூசுவதும், பழுதுபட்ட பாகத்தை மாற்றுவதுமாக நூறாண்டுக்கு மேல் மனிதர் கை அதன்மேல் ஓயாமல் இருந்து வந்தது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்திற்கு, அந்த உப்புக் காற்றைத் தாங்கவென்றே பாலிசிலாக்ஸேன் என்னும் தனி வகைப் பூச்சைப் பூசியிருக்கிறார்கள். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார், பாம்பனுக்கு அருகே மண்டபத்தில் தனிக்கூடமே அமைத்து, கடற்காற்றில் உலோகங்கள் அரிபடுவதை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். உப்புக்கும் இரும்புக்கும் உள்ள பகை அத்தனை ஆழமானது.

அப்படியானால் உறையே கூடாதா என்று கேட்பீர்கள். நான் அவ்வாறு சொல்லவில்லை. காலமும் இடமும் அறிந்து பயன்படுத்த வேண்டும் என்கிறேன்.

நம் தீவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு; வெயில் கடுமை. அந்த நாட்களில், மரத்தடியில் வண்டி நிறுத்துவோருக்குப் பறவை எச்சமும் மரப்பாலும் பெருந்தொல்லை. அருகில் வீடு கட்டும் வேலை நடந்தால் சிமென்டுத் தூள் வேறு. இவற்றுக்கு உறை நல்ல காப்புத்தான். ஆனால் அது மூச்சு விடும் துணியாக இருக்க வேண்டும். உட்புறம் மென்மையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையும் தார்ப்பாயும் வண்டிக்கு ஆகா. வண்டியைக் கழுவி, நன்றாக உலர்ந்த பின்னரே போர்த்த வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை எடுத்துவிட்டுக் காற்றாட விட வேண்டும். கடலை நோக்கிய மேட்டில் குடியிருப்போர் உறையை மறந்துவிடுவதே நலம். அங்கே அடிக்கும் காற்றில் எந்த உறையும் படபடத்து வர்ணத்தைத் தேய்க்கும்.

மழைக்காலத்தில் உறை வேண்டாம். நான்கு கால் நட்டு, மேலே தகரம் வேய்ந்து, பக்கங்களைத் திறந்து விட்ட ஓர் எளிய பந்தல் எந்த உறையைக் காட்டிலும் மேலானது. நிழலும் உண்டு, காற்றும் உண்டு. ஆனால் கூரைக்குக் கீழ் நிற்கும் வண்டியை மழை கழுவாது. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். வாரம் ஒரு முறையேனும் நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றி, சக்கர வளைவுகளிலும் அடித்தகட்டிலும் பாய்ச்சுங்கள். குழாய்த் தண்ணீர் முறை வைத்து வரும் வீடுகளில் கூரையிலிருந்து விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்ளலாம். இதற்கு அதைவிட நல்ல நீர் வேறில்லை. கதவின் அடியில் உள்ள சிறு வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல் பட்டு வர்ணம் பெயர்ந்த இடத்தைக் கண்டால், அன்றே துடைத்து உலர்த்தி, சிறு தூரிகையால் வர்ணம் தொட்டு வையுங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அடுத்த மாதம் அங்கே துரு இருக்கும்.

இனி அந்த அம்மையாரின் கவலைக்கு வருகிறேன். நாம் ஊருக்குப் போகும் காலமே வண்டிக்கு மிகப் பொல்லாத காலம். பள்ளி விடுமுறையும் பருவமழையும் இங்கே கைகோத்து வருகின்றன. 2025-இல் தென்மேற்குப் பருவக்காற்று மே 13-ஆம் நாளே தெற்கு அந்தமான் கடலை எட்டிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்தது. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் அத்தகைய நாளில் வண்டியை மூடிக் கட்டிவிட்டுப் புறப்படுவது, நனைந்த துணியைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டுப் போவதற்கு ஒப்பாகும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே வண்டியைக் கழுவி, உள்ளும் புறமும் உலர்த்தி, மெழுகுப் பூச்சு ஒன்று இட்டு வையுங்கள். கூரை கிடைத்தால் அதன் கீழ் நிறுத்துங்கள். நம்மவர் வீடுகளில் ஒரு வண்டி நிறுத்த இடம் உள்ளவர் இல்லாமற் போகவில்லை. வாய்விட்டுக் கேட்பதற்குத்தான் கூச்சப்படுகிறோம். கூரை கிடைக்காவிட்டால், உறையில்லாமல் திறந்த வெளியில் விட்டுச் செல்வதே குறைந்த தீங்கு. சாவியை நம்பிக்கையானவரிடம் ஒப்படைத்து, மழை விட்ட நாளில் கதவுகளைத் திறந்து காற்றாடச் செய்யும்படி சொல்லிவிட்டுப் போங்கள்.

என் தாயார் அந்த ஆண்டு பிழைத்து எழுந்தார். அதனால் வண்டியின் வர்ணம் போனதை நான் பெரிதாகப் பாராட்டவில்லை. ஆயினும் பட்டறைக்குக் கொடுத்த பணம் அடகிலிருந்த நகையை மீட்க வைத்திருந்த பணம் என்பதை என் மனைவி இன்றும் நினைவூட்டுவதுண்டு. அந்தச் செலவு வேறொரு வீட்டில் நேராதிருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன். ஜங்கிலிகாட்டு அன்பர் ஊருக்குப் புறப்படும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். என் வீட்டுப் பந்தலில் இன்னும் ஒரு வண்டிக்கு இடம் உண்டு.