கோயில்காட்டின் விதை

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வர ஐயனார் எழுந்தருளியுள்ளார். ஆலயத்தைச் சூழ்ந்து நிற்பது நந்தவனமன்று. வீரையும் காயாவும் அடர்ந்த பழங்காடு. ஒருகாலத்தில் சோழமண்டலக் கரையோரம் இத்தகைய காடு பரவியிருந்தது. விறகுக்கும் உழவுக்கும் வெட்டியது போக எஞ்சியவற்றுள் பல, ஐயனாருக்கும் அம்மனுக்கும் அஞ்சி விடப்பட்டவையே.

அவ்வச்சத்தின் பயன் அண்டையிலுள்ள ஆரோவில்லில் விளங்கிற்று. 1968 பிப்ரவரி 28 அன்று அந்நகருக்கு அடிகோலியபோது, அவ்விடம் மழைநீர் அரித்த செம்மண் பொட்டல். குடியேறியோர் வரப்புகளை உயர்த்தி மழைநீரை நிறுத்தினர். விரைந்து வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்களை நட்டனர். அந்நிழலில் நாட்டு மரங்களை வளர்க்க விழைந்தபோது விதைக்கு எங்கே போவது? கோயில்காடுகளை நாடினர். முன்னோர் அசலைத் தொடாது வைத்திருந்தனர் எனலாம். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் வீசியபோது வேல மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. மெல்ல வளர்ந்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் நின்றன.

இதையறியாது, திருப்பணி என்னும் பெயரால் சில ஊர்களில் கோயில்காட்டுச் சருகைக் கூட்டி எரித்துச் சிமெண்டுத் தளம் இடுகின்றனர். வருந்தத்தக்க செயல். அச்சருகே மட்கி, ஈரங்காத்து, வீழும் விதையை முளைக்கச் செய்கிறது. பிரகாரத்தைப் பெருக்குவது கைங்கரியம். காட்டைப் பெருக்குவது அவ்வாறன்று. தளத்தை வாயிலோடு நிறுத்திக்கொண்டு, மிஞ்சும் நன்கொடையில் அக்காட்டு மரங்களுக்கே நாற்றங்கால் அமைக்கலாம். விதை எடுப்பதிலும் முறையுண்டு: உதிர்ந்ததில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, மீதியைப் பறவைகளுக்கும் காட்டுக்கும் விட்டுவிட வேண்டும்.